உள்கண்ணாடி

டிஸ்க்கைப் பிளேயர் விழுங்கிவிட்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்றும் இப்படித்தான் விழுங்கியது. விழுங்கிவிட்டு, இந்த ஃபைல் ஓடாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது. பஸ்ஸே சிரித்தது. நெட்டில் நேரலையாக வந்த ஆட்டத்தை இறக்கி, அப்படியே டிஸ்க்கில் ஏற்றியிருந்தாள். இந்தப் பழைய பிளேயருக்கு அது ஆகாதாம். என்ன கிராக்கி!

இன்று மதியம் பள்ளிக் கணினி முன் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் டிவிடிக்கு மாற்றினாள். பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது. நடுவில் கரண்ட் போயிருந்தால் அழுதிருப்பாள்.

"ஏத்தா, இன்னைக்காவது ஓடுமா? இல்ல, நேத்து மாதிரி மானத்த வாங்குமா?" என்றார் கண்டக்டர் காசிமாயன்.

டிரைவர் சீட்டில் அப்பா. வண்டியை எடுத்தார்.

டிஸ்க்கில் இருப்பது அவள் ஆடிய மாவட்டக் கபடி இறுதிப் போட்டி. அன்றைக்கும் அப்பாவுக்கு இதே உசிலம்பட்டி–தேனி டிரிப். மகள் ஆடி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. செல்போனில் காட்டியபோது தள்ளிவிட்டார்.

"நம்ம வண்டியில போடுத்தா. எல்லாரோடயும் சேந்து பாக்குறேன்."

டிவி நீலமானது.

பிறகு, மைதானம்.

"ஓடுது மாமா! ஓடுது!"

கத்திக்கொண்டே ஓடிப்போய் அப்பாவுக்குப் பக்கத்தில், எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்தாள். எப்போதும் அவள் உட்காரும் இடம்.

நிமிர்ந்து பார்த்தாள்.

டிவி தெரியவில்லை.

அது அப்பாவின் தலைக்குப் பின்னால், பயணிகளைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்ன வயதிலிருந்து இதே வண்டியில் வருகிறாள். இது புத்தியில் உறைக்கவே இல்லை. யாருக்காக மாற்றினாளோ, அவருடைய முதுகுக்குப் பின்னால் படம் ஓடுகிறது.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா எஞ்சினை அணைத்தார்.

வர்ணனையாளரின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. இரண்டு அணியும் சமம். கடைசியாகக் கபடி பாடப் போகிறாள் அவள்.

"அப்பா, வண்டிதான் நிக்கிதே! திரும்பிப் பாருங்க!"

அவர் திரும்பவில்லை. தலைக்கு மேலிருந்த உள்கண்ணாடியை லேசாகச் சாய்த்தார். படிக்கட்டில் யார் தொங்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு வைத்திருக்கும் கண்ணாடி.

அவளும் அதைப் பார்த்தாள்.

வரிசை வரிசையாக முகங்கள். எல்லாம் அண்ணாந்திருந்தன. ஒருவர் கடித்த வடையை மெல்ல மறந்திருந்தார். பூக்காரம்மா சீட்டை விட்டு எழுந்தே விட்டாள்.

"காலப் பிடிச்சிட்டாளுக! கைய நீட்டுடீ! கோட்டத் தொடுடீ!"

என்றோ முடிந்துபோன ஆட்டத்துக்கு அப்படி ஒரு கத்தல். ஆடி முடித்தவளுக்கே மறுபடி கணுக்கால் வலித்தது.

விசில்.

பஸ் அதிர்ந்தது. பூக்காரம்மா பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டாள். காசிமாயன் டிக்கெட் பையோடு குதித்தார். ரயில் போனதை யாரும் பார்க்கவில்லை.

கேட் ஏறிவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

அப்பா இன்னும் வண்டியை எடுக்கவில்லை.

"நீங்க பாக்கவே இல்லயேப்பா."

"பாத்துக்கிட்டுத்தானத்தா இருக்கேன்" என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.