குச்சிக்குப் பயந்தவர்

"அந்தக் குச்சி மூளை வரைக்கும் போகுமாமே, நிஜமாங்க?"

தையல் டீச்சர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் மிரண்டு கிடந்தன. மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றார் டீச்சர்.

தெரியாமல் என்ன? நேற்றும் இதே பரிசோதனை மையத்துக்கு வந்தவர்தான். உள்ளே போய் உட்காரும் வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தார். குச்சி மூக்குக்குக் கிட்டே வந்ததும் எழுந்தவர், ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஆட்டோவில் போய் ஏறிவிட்டார். நாள் முழுக்க ஊசியோடு பழகுகிற கை. ஆனால் மூக்குக்குள் ஒன்று போகிறது என்றால் உடம்பு உதறுகிறது.

நாளை சாயங்காலம் விமானம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அடுத்த வாரம் தலைப்பிரசவம். அங்கே மாப்பிள்ளையைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது. கோவிட் இல்லை என்று ரிசல்ட் காட்டினால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். இன்றைக்கு மூக்கைக் கொடுத்தால்தான் நாளைக்குள் ரிசல்ட் கிடைக்கும். இன்றும் ஓடிப்போனால் மகள் தனியாகத்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கதவு திறந்தது. தலை முதல் கால் வரை கவச உடை போட்ட நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, நீங்கதானே அடுத்து?"

"ஐயா போகட்டும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"சரி, பெரியவரே, நீங்க வாங்க."

"நானா?" பெரியவர் எழுந்தார். "ஒரு நிமிஷம்மா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"எத்தனை தடவைதான் போவீங்க? தொட்டியில தண்ணியே தீர்ந்து போச்சு. வாங்க உள்ள!"

கதவு பாதி திறந்தே இருந்தது. சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி பெரியவர் முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புவது டீச்சருக்கு நன்றாகத் தெரிந்தது.

"அய்யய்யோ! வலிக்குதே!"

"இன்னும் கவரையே பிரிக்கலங்க! கவரைப் பிரிக்கறதுக்கே கத்துனா எப்படி?"

டீச்சருக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து அவர் சிரிப்பது இதுதான் முதல் தடவை. எழுந்து உள்ளே போனார்.

"என்னங்க நீங்க, இத்தனை பெரிய ஆளு! சின்னப் பசங்ககூட எடுத்துக்கிட்டுப் போறாங்க."

"நீங்க சொல்லுவீங்க. உங்களுக்குப் பயமில்ல."

டீச்சர் பேச்சை மாற்றினார். "அது... அதை விடுங்க. இதை எடுத்துக்கிட்டு யாரைப் பார்க்கப் போகணும் நீங்க?"

"என் பொண்ணைத்தாங்க. ஒரே பொண்ணு. பார்க்காம இருக்க முடியலங்க."

டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"எந்திரிங்க. நான் உட்கார்றேன். கண்ணை மூடாம நல்லாப் பாருங்க."

நர்ஸ் குச்சியை எடுத்தாள். "அண்ணாந்துக்குங்கம்மா. மூச்சை விடுங்க. நேத்து சொன்னீங்களே, அந்த மக முகத்தை நினைச்சுக்குங்க."

கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு தும்மல் வந்தது. முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

"அட, இதுக்கா நான் நேத்து..." பாதியில் நிறுத்திக்கொண்டு பெரியவரைப் பார்த்தார் டீச்சர். "பார்த்தீங்கல்ல? இப்ப நீங்க."

"நான் நாளைக்கு வர்றேங்க." பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அதெல்லாம் கிடையாது. பொண்ணு காத்துக்கிட்டு இருக்கும். உட்காருங்க, நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

பெரியவர் நர்ஸைப் பரிதாபமாகப் பார்த்தார். அவளோ புதுக் குச்சியைப் பிரித்தாள்.

"அந்தம்மாதான் சொல்றாங்கல்ல? உட்காருங்க."

இந்த முறை பெரியவர் கத்தவில்லை. ஆனால் அவர் பிடித்த பிடியில் டீச்சரின் விரல்தான் நசுங்கிப்போனது.

"நல்லபடியா போய்ப் பொண்ணைப் பாருங்கய்யா," என்று கும்பிட்டுவிட்டு டீச்சர் கிளம்பினார். வாசலில் இரண்டு செருப்பையும் ஞாபகமாக மாட்டிக்கொண்டார்.

கதவைச் சாத்தியதும் நர்ஸ் முகத் தடுப்பைத் தூக்கிவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"வேணும் உங்களுக்கு! பயப்படற மாதிரி நடிக்கப் போய் இன்னைக்கும் நிஜமாவே குத்து வாங்கியாச்சா?"

"என்ன பண்றது? வர்றவங்க எல்லாம் நல்ல மனுஷங்களா இருக்காங்க. என்னைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேங்கறாங்களே." பெரியவர் மூக்கைத் தேய்த்தபடியே துணிப்பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினார். "ஆறிப்போச்சு. பின்னாடி ரூமுக்குப் போய் முதல்ல சாப்பிடு."

"எங்கப்பா சாப்பிடறது? வெளிய ஒருத்தர் காலை ஆட்டிக்கிட்டே உட்கார்ந்திருக்கார். இப்பவே ஓடிடுவார் போலிருக்கு."

"நீ நிதானமா சாப்பிடும்மா," என்று காலிப் பையை மடியில் வைக்க வாகாகச் சுருட்டிக்கொண்டார் அப்பா. "அதுவரைக்கும் நான் அவர் பக்கத்துல உட்கார்ந்து பயந்துக்கிட்டு இருக்கேன்."