தூக்கத்தில் ஆட்டிய மாவு

காலையில் கண்விழித்த ஞானசெல்வியின் நகக்கண்ணில் இட்லி மாவு காய்ந்திருந்தது. மாவாட்டியது புருஷன் தேவசகாயம் அல்லவா? மூன்று மாதமாக அவள் எழுவதற்குள் வீட்டு வேலையை எல்லாம் முடித்துவைப்பது அவன்தானே?

அவள் குனிந்து காலைப் பார்த்தாள். தூக்கத்தில் எழுந்து நடப்பவளை வாசல் தாண்டவிடாமல் கட்டிலுக்குத் திருப்புவதற்கென்று அவன் வாங்கி மாட்டிய மின்கொலுசு; அதில் வைத்த கட்டளைப்படி தூங்குபவரை அது இயக்கும். அவள் தூக்கத்தில் கழற்றிவிடாதபடி, பூட்டியவர் விரலுக்குத்தான் அதன் பூட்டு திறக்கும்; பூட்டியது அவன்.

"கொலுச என்ன பண்ணுனீங்க?"

"'திருப்பு'ன்னு இருந்தத 'வேலை'ன்னு மாத்துனேன்," என்றான் அவன், காப்பியை உறிஞ்சியபடி. "நீ எப்படியும் நடக்கத்தான போற. சும்மா எதுக்கு நடக்கணும்? தூங்குறப்ப நீ எவ்வளவு தங்கம் தெரியுமா? ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது."

"இடுப்பு ஒடியுதுன்னு அழுதேனே, தைலம் தேச்சுவிட்டீங்களே, அப்பக்கூட வாயத் தொறக்கல! எம்புருஷன மாதிரி உண்டான்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே!"

அவன் கையை வெடுக்கென்று இழுத்துக் கட்டைவிரலைப் பூட்டில் அழுத்தினாள். கழன்ற கொலுசை அவன் கணுக்காலில் மாட்டி இறுக்கி, தன் விரலை வைத்துப் பூட்டினாள்.

"நீங்களும் எப்படியும் தூங்கத்தான போறீங்க. சும்மா எதுக்குத் தூங்கணும்?"