பதினோராம் பத்தியின் பெயரடை

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அன்று குடும்ப நீதிமன்றம் தீர்மானிக்க இருந்தது. கணவனின் மனு ஆங்கிலத்தில் இருந்ததால், அதை மனைவிக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு, மொழிபெயர்ப்பாளரான என்னுடையது. பதினோராம் பத்தியில், செங்கமலம் என்ற அவள் பெயருக்கு முன்னால் ‘ஹிஸ்டெரிக்கல்’ என்ற பெயரடை நின்றது.

“அப்படின்னா என்னங்கம்மா?”

ஒற்றைச் சொல்லில் அதைத் தமிழாக்குவது பிழை. “அழுகையையோ கோபத்தையோ அடக்கத் தெரியாமல் கத்துபவள் என்று பொருள்,” என்றேன்.

“பிள்ளைக்கு வலிப்பு வந்தப்ப கத்தினேன். கத்தாம, தாலாட்டா பாடுவாங்க?”

கணவனின் வழக்கறிஞர் சிரித்தார். “பாருங்க, ஆரம்பிச்சிட்டாங்க.”

செங்கமலம் வாயை மூடிக்கொண்டாள். புடவைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றினாள்; விரல்நுனி கறுத்தது. அதன்பின் நான் வாசித்த ஆறு பத்திகளுக்கும் அவள் முகம் அசையவில்லை.

அப்போது வாசலில் அவள் மகள் தடுக்கி விழுந்து, “அம்மா!” என்று வீறிட்டாள். செங்கமலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. தலை திரும்பவில்லை.

வழக்கறிஞர் எழுந்தார். “ஐயா, பெத்த பிள்ளை அழுவுது. திரும்பிக்கூடப் பாக்கலை.”

மனுவில் எழுதப்படாத எதையும் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நீதிபதி பேனாவின் மூடியைக் கழற்றினார்.