குட்டைக்கரைப் புல்

"கதவைத் தொறக்கா. திட்ட வரல."

தாழ்ப்பாளில் கை வைத்தபடி ஐடா தயங்கி நின்றாள். அமலாவின் குரல்தான். ஐந்து மாதமாக அந்தக் குரல் இந்த வாசலுக்குச் சாபம் கொடுக்க மட்டும்தான் வந்திருக்கிறது.

பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட் லைனில் இரண்டு பேருக்கும் சுவரொட்டிய வீடு. இரண்டு பேருமே ஆடு வளர்ப்பவர்கள். ஜூலையில் ஒரு மதியம் அமலாவின் எட்டு ஆடுகளும் நுழைந்து, ஐடாவின் அவரைப் பந்தலை அடியோடு மேய்ந்துவிட்டன. "உன் ஆடுங்க நாசமாப் போவ!" என்று ஐடா கத்தியதை லைனே கேட்டது. அடுத்த மாதமே அமலாவின் முதல் ஆடு செத்தது.

ஐடா கதவைத் திறந்தாள். அமலாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"இன்னா ஆச்சு?"

"காலையில ஆறாவதும் போயிடுச்சுக்கா. இந்த வாட்டி நான் புதைக்கல. மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டினு வந்து அறுத்துப் பாக்கச் சொன்னேன். விஷம்னு எழுதி வாங்கினு நேரா போலீஸ் ஸ்டேஷன் போவலாம்னு இருந்தேன். உன் பேரைச் சொல்லத்தான்."

ஐடா தாழ்ப்பாளை விட்டு வாசலுக்கு வந்தாள்.

"விஷம் இல்லக்கா. புழு! இரைப்பையைத் தொறந்தா தலைமுடி மொத்தத்துல செவப்பு செவப்பா நெளியுது. அதுங்கதான் ரத்தத்தைக் குடிச்சிருக்கு. மிச்சம் இருக்கிற ரெண்டு ஆட்டோட கண் இமையை இழுத்துக் காட்டினாங்க. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு."

"மருந்து குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. குட்டைக்கரையில ஈரப்புல்லு மேஞ்சதால வந்துச்சாம். தாடைக்குக் கீழ பை மாதிரி வீங்குச்சே, அப்பவே மருந்து ஊத்தியிருந்தா எல்லாமே பொழைச்சிருக்கும்னாங்க. நான்தான் விஷம் விஷம்னு நினைச்சு எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு ஊத்திக்கினு இருந்தேன்."

அமலா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உன் ரெண்டு ஆடும் அதே குட்டையிலதான் மேஞ்சுது. அதுங்களுக்கு ஒண்ணும் ஆவல. என்னுது மட்டும் சாவுதேன்னு என் புத்தி கெட்டுப் போச்சுக்கா. குழாயடி, ரேஷன் கடை, எங்க போனாலும் உன்னைத்தான் கொலைகாரின்னேன். என் பொண்ணு ஜெனிட்டாகிட்டகூட உன் மூஞ்சியைப் பாக்காதேன்னு சொல்லிட்டேன். அவளுக்கு ஞானஸ்நானத்துல ஞானத்தாயா நின்னவ நீ."

"ஜெனிட்டா எப்படி இருக்கா? படிக்கிறாளா?" ஐடாவின் குரல் இறங்கியிருந்தது.

"நர்சிங்கை நிறுத்திட்டாக்கா. ஆட்டை நம்பித்தானே சேத்தேன்? இப்ப விடியகாலை ட்ரெயின்ல பெங்களூருக்குத் தையல் கம்பெனிக்குப் போறா. திரும்பி வந்ததும் சோறுகூட வேணாம்னு சுருண்டு படுத்துக்கிறா. அவ யூனிஃபார்மை இன்னும் மடிச்சு பெட்டியிலயே வெச்சிருக்கேன்."

ஐடா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல எல்லார் முன்னாடியும் உன் கால்ல விழுறேன். ஐடாக்கா ஒரு பாவமும் அறியாதவன்னு சொல்றேன்."

"அதெல்லாம் வேணாம் அமலா."

"வேணும்க்கா. ஊரைக் கூட்டித் தூத்தினவ, ஊர் முன்னாடிதானே மன்னிப்புக் கேக்கணும்?"

"வேணாம்னு சொல்றேன்ல!"

ஐடா கத்திவிட்டாள். அமலா ஒரு கணம் திகைத்தாள். பிறகு எழுந்து ஐடாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"இவ்வளோ பேசியும் என்னை ஊர் முன்னாடி தலைகுனிய விட மாட்டேங்கிறியே. எவ்ளோ பெரிய மனசுக்கா உனக்கு!"

அவள் படியிறங்கி நடந்தாள். தன் வீட்டு வாசல்வரை போனவளை ஐடா கூப்பிட்டாள்.

"அமலா!"

"இன்னாக்கா?"

ஐடா ஒரு படி இறங்கி நின்றாள். சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டாள்.

"மருந்தை எடைக்குத் தக்க ஊத்து. குறைச்சு ஊத்தினா புழு சாவாது."

"டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க!" என்றபடி அமலா உள்ளே போனாள்.

ஐடா கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து அழுதாள்.

அவரைப் பந்தல் அழிந்த மறுநாள், தாடை வீங்கிய தன் ஆட்டை ஆட்டோவில் ஏற்றி பேத்தமங்களா மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனாள் ஐடா. மருந்தைக் கையில் கொடுத்த டாக்டர், "அதே கரையில மேயுற மத்த ஆடுங்களுக்கும் இது வந்திருக்கும், பக்கத்து வீட்டுல இன்னைக்கே சொல்லிடுங்கம்மா" என்றபோது, சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள்.