இரண்டு கலன் பெற்றோல்

"ரெண்டு கலன் எங்கை, மக்கீன்?"

பிறக்கிராசி ஹியூபேட் வழக்கமாக 'மக்கீன் நானா' என்றுதான் அழைப்பார். அன்று அண்ணன் என்னும் அந்த 'நானா' நாவில் வரவில்லை.

கொம்பனித்தெருக் கராஜின் வாசலில் அவருடைய சிவப்பு நிறப் பந்தயக் கார் நின்றது. இருவர் மாத்திரமே அமரக்கூடிய வண்டி. பின்புறத்தில் வெளியே தெரியும்படி அமைந்த பெற்றோல் தாங்கி, தெருக்கல் பட்டு அடிப்பக்கம் நசுங்கி ஒழுகத் தொடங்கியிருந்தது. ஒழுக்கை அடைத்து, கீழே இரும்புத் தகட்டால் ஒரு கவசமும் போட்டுத் தரும்படி விட்டுச் சென்றவர், ஒரு கிழமைக்குப் பின் வந்திருந்தார்.

தாங்கிக்குள் விட்டு எடுத்த அளவுகோல் அவர் கையில் இருந்தது.

"விட்டிட்டுப் போகேக்கை ஆறு கலன். நானே அளந்து பார்த்தனான். இப்ப நாலுக்குத்தான் கோல் நனைஞ்சிருக்கு."

"நான் ஒரு சொட்டும் எடுக்கல்ல, தொர. டின்னில ஊத்தி வெச்சு, அப்படியே திரும்ப ஊத்தினன்."

"ஒரு ஒழுக்கை அடைக்க ஏழு நாளோ?"

"மூணு நாள் கொதிதண்ணி ஊத்தி ஊத்திக் கழுவினன். பெற்றோல் வாசம் கொஞ்சம் மிஞ்சினாலும், ஈயம் பத்த வெக்கக்கொள்ள கராஜோட நானும் போயிருவன்."

"நல்ல கதை. கழுவின தண்ணியோடை ரெண்டு கலனும் போச்சுதாக்கும்."

ஹியூபேட் கோலை மறுபடியும் தாங்கிக்குள் விட்டார். அது வழக்கத்தைவிட நான்கு விரற்கடை மேலே நீட்டிக்கொண்டு நின்றது. கோபத்தில் இருந்தவருக்கு, வெளியே எடுத்தபோது நனைந்திருந்த பாகம் மட்டுமே கண்ணில் பட்டது.

"யுத்த காலத்திலை கூப்பனுக்கு அளந்து தாற பெற்றோல். களவெடுத்தால் மறியலிலை கிடக்கவேணும், தெரியுமோ?"

"தெரியும், தொர."

"நான் தினமும் கோட்டிலை வழக்குப் பேசுற ஆள். கள்ளன்ரை முகம் எனக்குத் தெரியும்."

மக்கீன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை நான்காக மடித்தார். பின் எட்டாக மடித்தார்.

குற்றத்தை ஒப்புக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணியபடி ஹியூபேட் காரை எடுத்தார்.

கொட்டாஞ்சேனை வீட்டில் இதைக் கேட்ட மனைவி டோரினின் முகம் வெளிறிப்போயிற்று. அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"பொலிசுக்குப் போகாதேங்கோ."

"கள்ளனுக்கு நீர் ஏன் பரிஞ்சு பேசுறீர்?"

"போனால் நான் இனி அந்தக் காரிலை கால் வைக்கமாட்டன்."

பிள்ளைத்தாய்ச்சியை அழவைக்க மனமின்றி, பொலிசுக்குப் போவதை மட்டும் விட்டார். வாயை அடக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நாலு பேருக்குச் சொன்னார். அந்த நாலு பேரும் நாற்பது பேருக்குச் சொன்னார்கள். அடுத்த மாதம் அவ்வழியே போனபோது, மக்கீனின் கராஜில் ஒரு கார்கூட இல்லை. அவர் குந்தியிருந்து றிக்‌ஷாச் சில்லு ஒன்றுக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். ஹியூபேட் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

டொக்டர் குறித்த நாளுக்கு மூன்று கிழமை முந்தி, ஒரு திங்கட்கிழமை முற்பகலில் டோரினுக்கு நோவு கண்டது.

வெள்ளவத்தை நேர்சிங் ஹோமை நோக்கிக் கார் பறந்தது. கொள்ளுப்பிட்டியைத் தாண்டுகையில் இரண்டு தரம் இருமியது. பின் தெருவோரமாக உருண்டு நின்றுவிட்டது.

ஹியூபேட் இறங்கி ஓடிக் கோலை விட்டுப் பார்த்தார். அது காய்ந்துபோய் வந்தது.

"நேற்று ஹெந்தளை வரைக்கும் போனனீங்கள்" என்றாள் டோரின், மெதுவாக.

"சிநேகிதனோடை சும்மா ஒரு ஓட்டம்... இன்னும் மூண்டு கிழமை கிடக்கெண்டு நினைச்சன்."

இரண்டு வருடங்களுக்கு முந்தி, முந்தைய பிரசவத்தின்போதும் இப்படித்தான். அன்று பெற்றோல் தீர்ந்து கார் காலிமுகத்தில் நின்றது. றிக்‌ஷா பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு மூச்சு இல்லை. அதைப்பற்றி அந்த வீட்டில் எவரும் பேசுவதில்லை.

ஹியூபேட் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். ஒரு வாகனமும் இல்லை.

"அந்தக் கள்ளன் எடுத்த ரெண்டு கலன் இப்ப இருந்திருந்தால்..."

"கத்தாதேங்கோ. என்ரை சீற்றுக்குக் கீழை கையை விடுங்கோ. ஒரு திருகு இருக்கு. இடப்பக்கம் திருப்புங்கோ."

"என்ன திருகு?"

"திருப்புங்கோ."

திருப்பினார். சாவியைப் போட்டதும் பெற்றோல் பம்பு 'டிக் டிக்' என்று அடிக்கத் தொடங்கியது. ஒரு நிமிடத்தில் எஞ்சின் உறுமியது.

"தாங்கிக்குள்ளை இன்னொரு தட்டுப் போட்டிருக்கு. அதுக்குக் கீழை ரெண்டு கலன். கோல் அந்தத் தட்டோடை நிண்டிடும். நான்தான் உங்களுக்குத் தெரியாமல் செய்யச் சொன்னனான்."

கோல் அன்று நான்கு விரற்கடை மேலே நின்றது இப்போதுதான் ஹியூபேட்டின் கண்ணுக்குத் தெரிந்தது.

"பிறகேன் நானா அண்டைக்கு வாய் திறக்கேல்லை? இவ்வளவு நாளும் நீர் ஏன் சொல்லேல்லை?"

நோவு ஒன்று வந்து தணியும் வரை டோரின் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லப்போறன் எண்டு கராஜுக்குப் போய் அழுதனான். நானா விடேல்லை. 'தெரிஞ்சா தொர அதையும் ஓட்டித் தீர்த்துருவார், மகள். புள்ள ஒங்கட கைக்கு வார மட்டும் நான் கள்ளனாவே இருந்துட்டுப் போறன்' எண்டு சொன்னவர்."