அசையாத பாதங்கள்

கடல் ஏறி மூழ்கிவந்த தெருக்களின் மக்கள் வீட்டைவிட்டுப் போகும் முன், சுவர்களைப் பல கோணங்களில் படமெடுத்து அனுப்பினார்கள். மீள்குடியேற்ற அலுவலகம் அவற்றை ஒட்டி, கோணலை நிமிர்த்தி, ஒரே தட்டையான படமாக்கியது. அந்தப் படத்தை வைத்துத்தான் புது வீடு கொடுப்பார்கள். ஒட்டி முடித்ததும் மூலப்படங்கள் அழிக்கப்படும்.

மிக்கேல் படமெடுத்தபோது ஐந்து வயது மகள் ஜெனோவா குறுக்கும் நெடுக்கும் ஓடினாள். மறுமாதம் அவர்கள் தங்கியிருந்த முகாமில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அவளுடைய கடைசிப் படங்கள் அவை.

"பிள்ளையக் காணோமே," என்றாள் அவன் மனைவி வியாகுலம், அலுவலகத் திரையைப் பார்த்து.

"அசையிறது எதுவும் படத்துல நிக்காதுக்கா. சுவரு மட்டுந்தான் இருக்கும்," என்றாள் எழுத்தர் இசக்கியம்மாள். பிறகு கீழ்மூலையைக் காட்டினாள். ஜன்னலுக்கு அடியில் இரண்டு சிறு பாதங்கள் மட்டும் தெரிந்தன. "இது பிழை. இத அழிச்சாத்தான் படம் செல்லும். சம்மதம்னு விரல் வைங்க."

மிக்கேல் மெல்லச் சொன்னான்: "ஒரு எடத்துல நில்லுட்டின்னு அதட்டுனேன். ரெண்டு படத்துக்குக் கால ஊனி நின்னா. மேல மட்டும் ஆடிக்கிட்டே இருந்தா."

வியாகுலம் விரலை மடக்கிக்கொண்டாள்.

"வீடு வேண்டாம்னா எங்க விரல் வைக்கணும் தாயி?"