விடுபட்ட சொல்

"மூணு வருஷமா ஓடுதுண்ணே. ஒரு கம்ப்ளேன் வந்திருக்கா? இப்போ திடீர்னு ஏன் மாத்தணுங்கிறீங்க?"

கோகுலராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். புக்கிட் ரம்பாயில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆபிஸ். கிளினிக்குகளும் பள்ளிகளும் தங்கள் வெப்சைட்டையும் அச்சடித்துக் கொடுக்கும் சீட்டுகளையும் நான்கு மொழியில் நடத்திக்கொள்ள அவர்கள் ஒரு சாஃப்ட்வேர் ஃபிரேம்வொர்க் செய்து விற்றார்கள். அதில் மொழிபெயர்ப்புப் பகுதி முழுக்க அவன் கைவேலை.

முதலாளி கைருதீன் குரலை உயர்த்தவில்லை. "ஒரு சொல்லுக்குத் தமிழ் இல்லேன்னா உன் கோட் என்னா செய்யுது, தம்பி?"

"அந்த இடத்தக் காலியா விட்டுட்டு மேல போயிரும்."

"எரர் காட்டாதா?"

"காட்டினா பேஜ் நின்னுரும். கஸ்டமர் ஓடிருவான்லா."

"மலாய்ச் சொல்லையாவது போடலாமே?"

"தமிழுக்கு நடுவுல மலாய் நின்னா அசிங்கமா இருக்கும்ணே. ஒரு சொல் விட்டுப்போனா என்னா இப்ப? ஜனங்க புரிஞ்சுக்குவாங்க."

அப்பா போனதிலிருந்தே அவனுக்கு எதற்கெடுத்தாலும் கோபம். காரியத்தன்று, வந்தவர்கள் எல்லார் முன்னாலும் அப்பாவைக் கூட வைத்துக் கவனித்த அக்கா திவ்யதர்ஷினியைப் பார்த்து, "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்று சொன்னவன், எட்டு மாதமாக அவளோடு பேசவில்லை. ஏதோ குடும்பத் தகராறு என்று கைருதீனும் விசாரிக்கவில்லை.

அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"இன்னிக்குக் காலைல ஒரு கிளினிக்லேர்ந்து வந்துச்சு. பழைய சாவு ஒண்ண அவங்களே விசாரிச்சிருக்காங்க. மூட்டுவலி மாத்திரை, வாரத்துக்கு ஒண்ணுதான் போடணும், தினம் போட்டா விஷம். நம்ம சிஸ்டம் அடிச்ச தமிழ்ச் சீட்டுல 'வாரத்துக்கு'ங்கிற சொல்லே விழல. வீட்டுல தினம் ஒண்ணு குடுத்திருக்காங்க. மூணு வாரத்துல ஆள் போயிட்டாரு."

கோகுலராஜ் மேஜையருகே வந்தான்.

"யாருண்ணே?"

"பேரு போடல. அலோர் காஜா பக்கம், வயசானவராம்."

"அந்தச் சீட்டு இருக்கா?"

அந்த வீட்டிலிருந்து கிளினிக்குக்குத் திரும்பி வந்திருந்த சீட்டின் நகலைக் கைருதீன் நீட்டினார். 'ஒரு மாத்திரை' என்று இருந்தது. அப்புறம் கொஞ்சம் வெள்ளை. அப்புறம் 'ஒரு முறை'. அதற்கும் கீழே, வீட்டில் யாரோ பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள்: 'அப்பா – காலைல'.

குண்டு குண்டான எழுத்து. ஆரம்பப் பள்ளியில் அவன் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டு, அக்கா பேர் எழுதிக் கொடுத்த அதே எழுத்து.

"என்னாச்சு தம்பி? உக்காரு. தண்ணி கொண்டு வரவா?"

கோகுலராஜ் போனை எடுத்தான். நம்பர் இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை மணி அடித்தது.

அக்கா எடுத்தாள்.

"அக்கா... அப்பாவக் கொன்னது நீ இல்ல. நான்தான்."